குறை பலகையிலா, காலிலா: தடம் போடாத பனியில் இறங்கும் நம்மூர்க்காரர்களுக்கு

பாளையங்கோட்டையில் சைக்கிளும் பைக்கும் பழுது பார்க்கிற பட்டறை எனக்கு. கடைக்கு வருகிற யாரும் ‘பேரிங் போயிற்று’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டேங்கு’ என்பார்கள். ஏற்றத்திலா, பின்னால் ஆள் ஏறினாலா, மழையில் நனைந்த பிறகா என்று துருவிக் கேட்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

சில வருடங்களாக பிப்ரவரியில் நாங்கள் நாலைந்து பேர் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய், காலில் நீளப் பலகை கட்டிப் பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் ஸ்கீ செய்துவிட்டு வருகிறோம். பலகைக்கு மெழுகு தேய்ப்பது, விளிம்பு தீட்டுவது எல்லாம் என் பட்டறையில்தான். அங்கேயும் இதே கதை. இயந்திரம் உருட்டிச் சமன் செய்த தடத்தில் வந்தவரை யாருக்கும் குறை இல்லை. தடத்தை விட்டு வெளியே, ஆள் கால் படாத பனிக்குள் இறங்க ஆரம்பித்ததும் ஒருத்தர் ‘பலகை ரொம்பக் கனம்’ என்கிறார், இன்னொருத்தர் ‘ரொம்ப லேசு, நடுங்குது’ என்கிறார். இரண்டு பேரும் உடனே வேறு பலகை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, குற்றம் பெரும்பாலும் எடையில் இல்லை. அதனால் எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று எழுதிவைக்கிறேன். எடைதான் காரணம் என்று ஆகிற இடம் வரும்போது அதையும் சொல்கிறேன்.

முதலில் தராசு

கனம், லேசு என்று வாயால் சொல்லக் கூடாது, நிறுக்க வேண்டும். நாங்கள் பழைய பேப்பர் கடைத் தராசில் போட்டோம். பலகையில் அச்சடித்த எடை, பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கிற பைண்டிங் இல்லாத வெறும் பலகைக்கு உரியது. சில கம்பெனிகள் ஒற்றைக்குச் சொல்லும், சில ஜோடிக்குச் சொல்லும். இதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் உண்டு.

ஏறத்தாழ 180 செ.மீ. நீளமுள்ள ஒற்றைப் பலகைக்கு என் கணக்கு இது: 1,300 கிராமுக்குக் கீழே இருந்தால் அது மலையேறுவதற்கென்றே செய்தது. 1,600 வரை லேசு. 1,600 முதல் 1,900 வரை நடுத்தரம். அதற்கு மேல் கனம். 2,200ஐத் தாண்டியும் உண்டு. பைண்டிங்கில், பூட்டின் மூக்கை இரண்டு ஊசி பிடிக்கிற ‘பின்’ (pin) பைண்டிங் ஒன்று 200 முதல் 400 கிராம். சாதாரண ஆல்பைன் பைண்டிங் ஒரு கிலோ பக்கம் வரும். பூட் ஒற்றைக்கு 1,000 கிராமிலிருந்து 2,000க்கு மேலும் போகும். மூன்றையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். கூட்டிப் பார்த்தால், பலகையில் 300 கிராம் மிச்சம் பிடித்தவர் பூட்டில் 700 கிராம் சுமந்துகொண்டிருப்பது தெரியும்.

“ஏறும்போது தொடை வெந்து போகுது”

எல்லோரும் உடனே பலகையைத்தான் திட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். குல்மார்க்கே 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்கிற ரோப் காரின் இரண்டாம் கட்டம் 2005இல் வந்த பிறகு, பெட்டியில் உட்கார்ந்தபடியே 3,900 மீட்டருக்கு மேல் போய் இறங்கிவிடலாம். கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத பாளையங்கோட்டையில் நேற்றுவரை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த உடம்பு அது. முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கினால் அதற்குக் காரணம் உயரம். பலகை ஒரு பாவமும் செய்யவில்லை.

மூன்றாம் நாளும் அப்படியே என்றால் நடையைப் பாருங்கள். பலகைக்கு அடியில் ஒட்டும் ஸ்கின் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி வைப்பது, நாற்று நடும் வயலில் நடக்கிற மாதிரி வீண் வேலை. பலகை பனியை விட்டு எழும்பாமல் இழுபட வேண்டும். அடுத்து ஸ்கின்னைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பனி கட்டியாக ஒட்டியிருந்தால் ஒவ்வொரு காலிலும் அரை கிலோ கூடுதலாகச் சுமக்கிறீர்கள். ஸ்கின்னுக்கென்று உள்ள மெழுகைத் தேய்த்தால் சரியாகிவிடும்.

இது எதுவும் இல்லை என்றால்தான் எடைக்கு வரவேண்டும். ஒரு கணக்கு போடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஐந்துக்கு ஒன்று என்ற சாய்வில் போனால் 5 கிலோமீட்டர் நடை. அடிக்கு 70 செ.மீ. என்றால் ஏழாயிரம் அடி. காலில் அரை கிலோ கூடுதல் என்றால் மூன்றரை டன்னைத் துண்டு துண்டாக நகர்த்தியிருக்கிறீர்கள். காலில் கட்டிய ஒரு கிலோ முதுகில் வைத்த ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலை ஏறுகிறவர்கள் சொல்வது சும்மா இல்லை.

ஆனால் குறைப்பதை எங்கே தொடங்குவது? பலகை பனியில் இழுபடுகிறது. பூட்டோ ஒவ்வோர் அடிக்கும் குதிகாலோடு எழும்புகிறது. பைண்டிங் முழுவதும் ஒரு சட்டத்தோடு சேர்ந்து குதிகால் பக்கம் எழும்புகிற வகையும் உண்டு. அது ஏறுகிறவனுக்குப் பெரிய தண்டனை. ஆகவே முதலில் பைண்டிங், அடுத்து பூட், கடைசியில்தான் பலகை. பின் பைண்டிங்குக்கு மாறிய எங்கள் பேட்டை நண்பர் பழைய கனமான பலகையையே வைத்துக்கொண்டு இப்போது எனக்கு முன்னால் நடக்கிறார்.

“இறங்கும்போது மூக்கு நடுங்குது, தட்டி விட்டுருது”

எனக்கு அதிகம் வருகிற புகார் இதுதான். இதில் இரண்டு தனித்தனி நோய் இருக்கிறது, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கெட்டியான பனியில் பலகை டர்ரென்று அதிர்வது. மற்றது, நாலு பேர் இறங்கிச் சிதறடித்த பனியில் ஒவ்வொரு கட்டி இடிக்கும்போதும் மூக்கு திசை மாறுவது.

திசை மாறுவதற்கு நெல்லையப்பர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட ஆரம்பித்துவிட்டால் சக்கரத்தடியில் கல் கிடந்தாலும் தேருக்குத் தெரியாது, நசுக்கிக்கொண்டு போகும். அதே கல் சைக்கிளில் பட்டால் ஹேண்டில் திரும்பிவிடும். ஒரே அடி, சுமக்கிற எடைதான் வேறு. 1,300 கிராம் பலகையும் 2,000 கிராம் பலகையும் ஒரே பனிக்கட்டியில் மோதினால், லேசானது ஒன்றரை மடங்கு அதிகமாக விலகும். சிதறிய பனியில் வேகமாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் எடைக்கு மாற்று இல்லை. தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போடுகிறவர்கள் படுகிற பாட்டையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அது பின்னால் வரும்.

அதிர்வு வேறு விஷயம். அது எடையைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லேசான பலகையின் நடுவில் பெரும்பாலும் பால்சா, பவுலோனியா மரம் இருக்கும்; நம்மூர் இலவ மரம் மாதிரி, கையில் எடுத்தால் எடையே தெரியாது. மேலே கார்பன் நார் போட்டு விறைப்பாக்குவார்கள். விறைப்பு வந்துவிடும். ஆனால் கார்பன் அதிர்வை விழுங்காது, அப்படியே காலுக்கு அனுப்பும். கனமான பலகையில் ஆஷ், பீச், மேப்பிள் போன்ற கெட்டி மரமும், டைட்டனால் என்ற தகடும் இருக்கும். பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைக்க வேண்டாம், அது அலுமினியக் கலவைதான். அந்தத் தகடு அதிர்வை அடக்கும். எடையும் கூட்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு சொல்கிறேன்: பலகையை மாற்றும் முன் நாலு சோதனை.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை அடிப்பாகத்தில் குறுக்கே நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் ஒழுகினால் அடிப்பாகம் குழிந்து, விளிம்பு உயர்ந்து நிற்கிறது. அந்தப் பலகை எவ்வளவு எடையாக இருந்தாலும் பனியைக் கொக்கி போட்டு இழுக்கும். அடிப்பாகத்தைச் சமன் செய்தால் போதும். அடுத்து மூக்கிலும் வாலிலும் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறதா? பனியைத் தொடத் தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை ரப்பர் கல்லால் மழுக்கிவிடுங்கள். அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருத்தன் இந்தப் பத்து நிமிட வேலைக்குப் பதிலாகப் புதுப் பலகைக்கு முன்பணம் கட்டப் போனான்.

மூன்றாவது பூட். தராசில் 1,100 கிராம் காட்டுகிற மெல்லிய பூட்டைப் போட்டுக்கொண்டு 2,100 கிராம் பலகையை ஓட்டுவது, மொபட் என்ஜினை வைத்து டிராக்டரை இழுப்பது. பலகை சொன்னபடி கேட்காது. அதை நடுக்கம் என்று எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கமும் உண்டு: கெட்டிப் பூட், லேசுப் பலகை. சின்ன அசைவுக்கும் பலகை துள்ளும்.

நாலாவது, நீங்கள். கணைக்கால் எலும்பின் முன்பக்கம் பூட்டின் நாக்கில் அழுந்துகிறதா? இல்லை என்றால் பின்னால் சாய்ந்து நிற்கிறீர்கள், மூக்கில் பாரமே இல்லை. பாரம் இல்லாத மூக்கு ஆடத்தான் செய்யும்.

நாலும் சரி, இன்னும் நடுங்குகிறது என்றால் நண்பரின் கனமான பலகையை வாங்கி அதே சரிவில், அதே நாளில், அதே வேகத்தில் இறங்கிப் பாருங்கள். இரவல் வாங்கும்போது உங்கள் பூட் அடியின் நீளத்துக்கு பைண்டிங்கைத் திருத்தாமல் ஏறாதீர்கள். நடுக்கம் நின்றால் இனி சந்தேகம் வேண்டாம், உங்களுக்குக் கனம் வேண்டும்.

“மூக்கு பனிக்குள்ள புதைஞ்சு தலைகுப்புற விழுதேன்”

இதற்கும் எடைக்கும் சம்பந்தம் குறைவு. தேரிக்காட்டுச் செம்மணலில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு இது புரியும். ஒல்லி டயர் உடனே இறங்கும், அகல டயர் மிதக்கும். சைக்கிளின் கனத்தையா குறை சொல்வீர்கள்? பலகையில் பார்க்க வேண்டியது காலுக்கு அடியில் உள்ள அகலம். 85–95 மி.மீ. என்றால் ஆழமான பனியில் புதையும். 100–110 பரவாயில்லை. 115க்கு மேல் மிதவைதான். ஆனால் கெட்டிப் பனியில் முழங்காலுக்குத் தொல்லை. மூக்கு மேல்நோக்கி வளைந்து எழும்பும் ராக்கர் எவ்வளவு நீளம் என்பதும் கணக்கு. ஓட்டுகிறவரின் எடையையும் மறக்க வேண்டாம்: 60 கிலோ ஆளுக்கு மிதக்கிற பலகை 90 கிலோ ஆளுக்கு மிதக்காது. பைண்டிங்கை ஓரிரு செ.மீ. பின்னால் மாட்டினாலும் மூக்கு எழும்பும்.

“மரத்துக்கு நடுவுல திருப்ப முடியல”

முட்டுக்கட்டை விஷயம் இங்கேதான். கோண்டோலாவின் முதல் கட்டம் முடிகிற கோங்டூரிக்குக் கீழே ஃபர், பைன் மரங்களுக்கு நடுவே இறங்கும்போது சட்சட்டென்று திருப்ப வேண்டியிருக்கும். கனமான பலகைக்கு அது பிடிக்காது. ஆனால் மொத்த எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பலகையை நடுவில் பிடித்து, மணிக்கட்டால் இடமும் வலமும் சுழற்றிப் பாருங்கள். ஒரே எடையுள்ள இரண்டில் நுனி லேசானது எளிதாகச் சுழலும். சிலம்பக் கம்பு சுற்றியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நீளத்தில் ஐந்து செ.மீ. குறைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

“மேல ஓடு மாதிரி இருக்கு, உடைஞ்சு கால் சிக்குது”

பகலில் இளகி, இரவில் உறைந்து, மேலே அப்பளம் போல ஓடு கட்டிய பனி. கல்லிடைக்குறிச்சி அப்பளம் போல் நொறுங்கினால் நல்லது. நொறுங்காமல் பாதி தாங்கிப் பாதி உடைவதுதான் ஆபத்து. கனமான பலகை உடைத்துக்கொண்டு போகும், லேசானது மேலே ஏறி இறங்கிச் சிக்கும். எடை தெளிவாக உதவுகிற இன்னொரு இடம் இது. ஆனால் இதற்காகப் பலகை வாங்காதீர்கள். வெயில் படாத வடக்குச் சரிவுக்கு மாறுங்கள், அல்லது ஓடு இளகும்வரை டீ குடித்துக் காத்திருங்கள்.

காற்று அடித்துச் சேர்த்துப் பாளமாக இறுகிய பனி வேறு. காலடியில் ‘வும்’ என்று சத்தம் கேட்டாலோ, பலகையிலிருந்து விரிசல் ஓடினாலோ அது ஸ்கீயின் கோளாறு இல்லை, சரிவே கிளம்பப் போகிற அறிகுறி. குல்மார்க்கில் ரோந்துக் குழு பார்த்துக்கொள்வது கோண்டோலாவை ஒட்டிய பகுதியை மட்டும்தான். எல்லைக்கு வெளியே உங்கள் பொறுப்பு. 2023 பிப்ரவரியில் அபர்வாத் மலைப் பக்கம் இரண்டு போலந்துக்காரர்களும், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் இறந்தார்கள். பனியில் புதைந்தவரைத் தேடும் டிரான்சீவர் கருவி, பனி அள்ளும் சவள், குத்திப் பார்க்கும் கம்பி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். எடை குறைக்கிறேன் என்று சவளை அறையில் வைத்துவிட்டு வந்தவரை நாங்கள் அன்றைக்குக் கூட்டிப் போகவில்லை.

“பைண்டிங் ஆடுது”, “சும்மா கழன்டுருது”

ஆடினால் இறங்காதீர்கள். லேசான மரம் திருகாணியைக் குறைவாகத்தான் பிடிக்கும். தகடு இல்லாத பலகைக்கு 3.5 அல்லது 3.6 மி.மீ. டிரில், டைட்டனால் தகடு உள்ளதற்கு 4.1 மி.மீ.; பலகை மேலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். எங்கள் ஊரில் ஒரு பட்டறையில் எல்லாத் துளையையும் 4.1இல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என் நண்பரின் 1,250 கிராம் பலகையில் திருகாணி இரண்டாம் நாளே சுற்ற ஆரம்பித்தது. பெரிதான துளையை எபாக்சி வைத்துச் சரி செய்யலாம், பனிமலையில் முடியாது.

கழல்வதற்கு முதலில் பூட் மூக்கில் உள்ள குழியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். பின் பைண்டிங்கில் பெரும்பாலும் அதுதான். கழலும் அளவை எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், ஓட்டும் திறமை எல்லாம் வைத்து அட்டவணையில் பார்த்து வைப்பார்கள். அதைக் கையால் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பைக் பிரேக்கை நானே முறுக்குவேன். இதை அதற்கென்று படித்தவரிடம்தான் கொடுக்கிறேன்.

“போன வருசம் லேசா இருந்துச்சு, இந்த வருசம் கனக்குது”

பலகையின் எடை கூடியிருக்காது. அடிப்பாகம் காய்ந்திருக்கிறது. நாம் அதை வைக்கிற இடம் பரண். அதற்கு மேலே ஓடு அல்லது ஆஸ்பெஸ்டாஸ். மே மாதம் அக்னி நட்சத்திரம். மெழுகில்லாத அடிப்பாகம் வெளுத்து, சாம்பல் பூத்தது போலாகிவிடும். அப்புறம் பனியில் ஒட்டும், வழுக்காது. ஊர் திரும்பியதும் துடைத்து, தடிமனாக மெழுகு ஊற்றி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த ஜனவரியில் சுரண்டிக்கொள்ளலாம். விளிம்பையும் மெழுகு மூடியிருந்தால் துருவும் பிடிக்காது.

ஸ்கின் விஷயத்தில் என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் இரண்டையும் பசையோடு பசை ஒட்டி மடித்துப் பரணிலேயே போட்டுவிட்டேன். ஜூனில் எடுத்தால் பசை உருகி ஒன்றோடொன்று கலந்து, பிரித்தபோது ஒரு பக்கம் வெறும் துணி, மறுபக்கம் பலாப்பழப் பால். இப்போது இடையில் அதோடு வந்த வலையை வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், பீரோவின் அடித்தட்டில். வீட்டுக்காரிக்கு அதில் வருத்தம்தான்.

சரி, எதை வாங்குவது?

ஒரே கேள்வி: மலை மேல் எப்படிப் போகிறீர்கள்? பெட்டியில் ஏறிப் போய், மேலே அரை மணி நேரம் நடந்து, நாள் முழுக்க இறங்குகிறவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். வருடத்துக்கு எட்டு பத்து நாள். அவர்களுக்கு 1,700 முதல் 1,900 கிராம், அகலம் 100க்கு மேல், பெட்டியோடும் நடையோடும் ஒத்துப்போகிற பைண்டிங். கார்பன் இறகுப் பலகை இவர்களுக்குக் காசைக் கரியாக்குவது. ஒரே ஒரு இறக்கத்துக்காக நாலு மணி நேரம் ஸ்கின்னில் நடக்கிறவர்கள் 1,400 பக்கம் வரலாம், கீழே வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதம் என்றால். 2,000க்கு மேல் வாங்குகிறவர்கள் பலமும் வேகமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும்; மாலை நாலு மணிக்குத் தொடை களைத்த பிறகும் அதைத் திருப்ப வேண்டுமே.

விமானத்தில் போகிறவர்களுக்கு உள்நாட்டு லக்கேஜ் 15 கிலோதான் பெரும்பாலும். பலகை, பைண்டிங், பூட் சேர்ந்தாலே கனமான செட் பத்து கிலோவைத் தாண்டிவிடும். கட்ராவுக்கு நம்மூரிலிருந்தே ரயில் இருக்கிறது. 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது. நேரம் இருப்பவர்கள் கனத்தைப் பற்றிக் கவலைப்படாமல் போகலாம்.

போன சீசனில் இரவு ஒன்பது மணிக்கு, குல்மார்க்கிலிருந்து பேட்டைத் தம்பி போன் போட்டான்.

“அண்ணாச்சி, பலகை கனமாத்தான் இருக்கும்போல. கால் விரலெல்லாம் மரத்துப் போகுது.”

“எத்தனை சாக்ஸ்ல போட்டிருக்க?”

“ரெண்டு. குளிருதுல்லா.”

“ஒண்ணக் கழட்டு. ரத்தம் ஓட இடம் இல்லல. காலைல போன் பண்ணு.”

காலையில் போன் வரவில்லை. பத்து மணிக்கு அபர்வாத் உச்சியிலிருந்து போட்டோ மட்டும் வந்தது.